எலும்புகள் சென்ற வழி



மனிதன் தன் வாழ்நாளில் எத்தனையோ பயணங்களை மேற்கொள்ளுகின்றான். அவற்றுள் இறுதிப் பயணம் ஒன்றே அவன் தானாகச் செல்லாதது. பிறர் அவனைச் சுமந்து செல்வது. வீட்டுப் படலையிலிருந்து சுடலைக்கோ, சேமக்காலைக்கோ, மையவாடிக்கோ செல்லும் அந்தப் பயணத்துக்கு எல்லாச் சமயத்தாரும் முறை வகுத்துள்ளனர். யார் தூக்குவது, யார் முன்னே செல்வது, எந்த இடத்திற் சற்று இறக்கி வைப்பது என்பவையெல்லாம் வரையறுக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாத கிராமத்தவருக்கும் அம்முறைகள் மனப்பாடம்.

ஆயின், ஒருவர் எவ்வாறு இறந்தார் என்பது தெரியாதிருக்குமாயின், வீட்டுக்கும் சுடலைக்கும் இடையில் மற்றுமொரு பயணம் வந்து சேருகின்றது. உடல் கிடந்த இடத்திலிருந்து வைத்தியசாலையின் பிரேத அறைக்கும், வேண்டுமாயின் தூரத்து ஆய்வுகூடத்துக்கும், அங்கிருந்து மீண்டும் உறவினரிடத்துக்கும் செல்லும் பயணம் அது. இதற்கு முறை வகுத்தவை சட்டமும் விஞ்ஞானமும். அம்முறையை நம்மிற் பெரும்பாலோர் அறியோம். இது மங்கலமான விடயமன்று என்பதை உணர்வேன். எனினும், மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் வாழும் நாம் இதைப்பற்றிப் பேசாதிருக்க இயலாத ஒரு காலத்தில் வாழ்கின்றோம்.

நம்முடைய மக்கள் மிக விரும்பிப் பார்த்த நாடகங்களுள் ஒன்று அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அதனை வட பகுதியின் ஊர்தோறும் நடித்துப் புகழ் பெற்றார். அக்கதையில் சந்திரமதி, பாம்பு தீண்டி மாண்ட மகனைத் தானே சுமந்து சுடலைக்கு வருகின்றாள். காவல் புரியும் அரிச்சந்திரன் உரிய கட்டணமின்றி உடலை எரிக்க விட மறுக்கின்றான். தாயின் துயரம் ஒருபுறம், காவலின் நெறி மறுபுறம். பார்ப்போர் கண்ணீர் விடுவது இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்பதைக் கண்டேயாகும். மரண விசாரணையிலும் இதே நிலைதான். தாய் தன் பிள்ளையின் உடலைக் கேட்கின்றாள். சட்டம் சற்றுப் பொறு என்கின்றது. அரிச்சந்திரன் தன் நெறியில் ஓர் அணுவும் பிறழாதவனாகையால் அவனை நாம் மன்னித்தோம். சட்டமும் அவ்வாறே பிறழாது நடந்தாலன்றித் தாயைப் பொறு என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

இனி, அந்த நெறி யாதென்று பார்ப்போம்.

தலைமன்னார்க் கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, சந்தேகத்துக்குரிய மரணம், விபத்து மரணம், காரணம் தெரியாத திடீர் மரணம் ஆகியவை பற்றிப் பொலிசார் நீதவானுக்கோ திடீர் மரண விசாரணை அதிகாரிக்கோ அறிவித்தல் வேண்டும். அவர் அவ்விடத்துக்கு வந்து உடலைப் பார்வையிட்டு, சாட்சியங்களைப் பதிந்து, தேவையாயின் பிரேத பரிசோதனைக்குக் கட்டளை இடுவார். அதன் பின்னரே உடல் அவ்விடத்தைவிட்டு நகர்தல் வேண்டும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரின் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இந்த 30 கிலோமீற்றரிலேயே வழக்கின் பாதி அடங்கியிருக்கின்றது என்றால் நீங்கள் வியப்படையலாம்.

ஏனெனில் உடல் என்பது ஒரு சாட்சி. வாய் பேசாத சாட்சி. விரல் நகங்களுக்குள் பிறர் ஒருவருடைய தோலின் துணுக்கு இருக்கலாம். ஆகவே கைகளைக் கடதாசிப் பைகளாற் போர்த்துக் கட்டுதல் வேண்டும். உடுப்பைக் களைதலும் உடலைக் கழுவுதலும் ஆகா. மணலில் இழுத்துச் சென்றால் புதிய சிராய்ப்புகள் உண்டாகும். அவை இறக்குமுன் உண்டானவையா, பின் உண்டானவையா என்ற குழப்பம் எழும். இலக்கமிட்ட உறையிலிட்டு, மல்லாந்த நிலையில், அசையாத தட்டில் கிடத்திக் கொண்டு செல்லல் வேண்டும். வைத்தியசாலையை அடைந்ததும் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தல் வேண்டும். எங்கள் பகுதி வெயிலில் ஓரிரு மணி நேரத் தாமதமே அழுகலைத் துரிதப்படுத்திவிடும். அழுகல் எத்தனையோ அடையாளங்களை விழுங்கிவிடும்.

நடைமுறை யாது? நோயாளரை ஏற்றுவதற்கு வண்டி உண்டு; 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய வண்டியும் உயிரோடிருப்பவருக்காக அமைந்ததே. இறந்தவரை ஏற்றும் வண்டி வேண்டுமாயின், அந்த நேரத்திற் கிடைத்தது எதுவோ அதுவே வாகனமாகின்றது. எங்கள் பாடசாலை மாணவன் ஒருவனின் தந்தை கடலுக்குச் சென்று மூன்றாம் நாள் கரையொதுங்கினார். உழவு இயந்திரப் பெட்டியில், பாயிற் சுற்றி, அவரைக் கொண்டு சென்றார்கள். உதவிய அயலவர் அன்புள்ளம் கொண்டோர், வேறு வழியற்றோர். ஆயினும் அந்தப் பையன் பின்னர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என் செவியில் உள்ளது: “சேர், அப்பாவின்ரை தலையிலை இருந்த காயம் கடலிலை பட்டதோ, பெட்டியிலை பட்டதோ?” அதற்கு விடை சொல்ல எவராலும் இயலவில்லை. அவர் சென்ற வழி எங்கும் பதியப்படவில்லை.

நகரங்களில் வண்டிக்குக் குறைவில்லை என்பீர்கள். உண்மை. நகரத்தின் இடர் வேறு. சனநெருக்கடி மிக்க தெருவில் உடல் கிடந்தால், போக்குவரத்துத் தடைப்படுகின்றதே என்ற அவசரம் பிறக்கும். சுற்றி நிற்போர் படம் எடுப்பர். உடலை விரைவாக அகற்றுவதே நாகரிகமாகத் தோன்றும். அகற்றிய பின்னர், கிடந்த நிலையை எவராலும் மீட்டுத் தர முடியாது. கிராமத்திற் கருவியின்மையும் நகரத்திற் பொறுமையின்மையும் ஒரே தீங்கைச் செய்கின்றன.

நான் ஆசிரியத் தொழிலில் தலை நரைத்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஓர் உவமையால் இந்நெறியை விளக்க விரும்புகின்றேன். ஆண்டுதோறும் எங்கள் பிள்ளைகள் க.பொ.த. பரீட்சை எழுதுகின்றனர். விடைத்தாளிற் பெயர் இல்லை. சுட்டெண் மாத்திரமே உண்டு. மண்டபத்தில் தாள்களை எண்ணி, உறையிலிட்டு, ஒட்டி, முத்திரையிட்டு, பொறுப்பானவர் கையொப்பமிடுகின்றார். பொதியைப் பெறுபவரும் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடுகின்றார். மன்னாரில் எழுதிய தாள் எந்த ஊரில் திருத்தப்படுகின்றது என்று பிள்ளைக்குத் தெரியாது. எனினும் பெறுபேறு வந்ததும் பிள்ளை அதை நம்புகின்றது. ஏன்? கைமாறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கையொப்பம் உண்டு என்று அதற்குத் தெரியும். பொதியின் முத்திரை ஒன்று உடைந்திருந்தால், திருத்தியவர் எத்துணை நேர்மையாளராயினும் அப்பெறுபேற்றை எவரும் நம்பார்.

இறந்தவரின் உடலுக்கும் எலும்புக்கும் வேண்டியது இதுவே. யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எந்நாள், எந்நேரம், முத்திரை முழுமையாக இருந்ததா என்ற கைமாற்றப் பதிவேடு அது. பதிவேட்டில் ஒரு வரி விடுபடுமாயின், அதன் பின் வரும் நூறு வரிகளும் வலிமை இழந்துவிடும்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு, எங்கள் மன்னார் நகரிலேயே நடந்த பெரிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நகர நுழைவாயிலுக்கு அண்மையில், சதொச விற்பனை நிலையத்துக்குப் புதிய கட்டடம் அமைப்பதற்காக நிலம் அகழப்பட்டது. அகழ்ந்த மண் வேறிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அம்மண்ணில் மனித எலும்புத் துண்டுகள் காணப்பட்டன. நேயர்களே, இதனைச் சற்றுச் சிந்தியுங்கள். அந்த மனிதரின் முதற் பயணம் மண்வண்டியிலேயே நிகழ்ந்துவிட்டது. ஏற்றியவருக்கும் தெரியாது, ஓட்டியவருக்கும் தெரியாது, முற்றத்திற் கொட்டிப் பரப்பியவருக்கும் தெரியாது. நீதிமன்றம் தலையிட்டுப் பாதுகாப்பதற்கு முன்னரே எலும்புகள் சில தம் இடத்தைவிட்டுப் பிரிந்துவிட்டன. ஓர் எலும்பு எந்த ஆழத்தில், எந்த எலும்புக்கு அருகில், எந்தப் பொருளோடு கிடந்தது என்பதே அதன் வரலாற்றிற் பாதி. அந்தப் பாதி மண்ணோடு சிதறியது.

அதன் பின்னர் மன்னார் நீதவானின் மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ஷவும், களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் அப்பணியில் முன்னின்றனர். 2019ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வேலை நீடித்தது. 300க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் 20க்கும் மேற்பட்டவை சிறுவர்களுடையவை. ஒரு பகுதியில் உடல்கள் ஒழுங்காக அடக்கப்பட்டிருந்தன. மற்றொரு பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்கின்றிக் கிடந்தன. எடுக்கப்பட்ட எச்சங்கள் பெட்டிகளில் இடப்பட்டு, முத்திரையிட்டு, மன்னார் நீதிமன்ற வளாகத்தில் வைக்கப்பட்டன.

அகழ்வு நடந்த நாட்களில் வேலிக்கு வெளியே தாய்மார் வந்து நின்றனர். முப்பது ஆண்டுப் போரில் மகனை, கணவனை, சகோதரனை இழந்து, அவர் இருக்கின்றாரா இல்லையா என்று அறியாதவர்கள். அவர்களுள் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. மண்ணிலிருந்து ஒரு மண்டையோடு எழும்போதெல்லாம் அவர்கள் நெஞ்சில் இரண்டு எண்ணங்கள் ஒருங்கே எழுந்தன: இவன் என் மகனாக இருக்கக்கூடாது, இவன் என் மகனாக இருந்தால் தேடல் முடிந்துவிடும்.

எலும்புகளின் காலத்தைக் கணிப்பதற்காக ஆறு மாதிரிகள் தெரிந்தெடுக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பீட்டா அனலிட்டிக் என்னும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. பேசாலைக் கடலை விட்டு அதிக தூரம் போயறியாத ஒருவனின் எலும்பு, இறந்த பின்னர் இரண்டு சமுத்திரங்களைத் தாண்டிச் சென்றது. மார்ச்சு மாதத்தில் முடிவு வந்தது. அந்த மனிதர்கள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் வாழ்ந்தவர்கள் என்பதே அம்முடிவு. அகழ்வு நின்றது. காணாமற்போனோரின் குடும்பத்தார் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. மேலும் மாதிரிகள் ஆராயப்பட வேண்டும் என்று கேட்டனர்.

இவ்விடத்தில் இரண்டு அவசரத் தீர்ப்புகள் நம் மத்தியில் உலாவின. ஒரு சாரார், விஞ்ஞானமே பொய் என்றனர். மறுசாரார், பழைய எலும்பைக் காட்டி மக்கள் அழுதனர் என்று எள்ளினர். இரண்டும் தவறு என்பதே என் எண்ணம். காரணத்தைச் சொல்லுகின்றேன்.

உயிருள்ளவை யாவும் காற்றிலும் உணவிலும் இருந்து கதிரியக்கக் காபன் என்னும் ஒருவகைக் காபனை உட்கொள்ளுகின்றன. உயிர் போனதும் உட்கொள்ளுதல் நிற்கின்றது; உள்ளிருப்பது மெல்ல மெல்லச் சிதைகின்றது. 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். எஞ்சியிருப்பதை அளந்தால் இறந்த காலத்தைக் கணிக்கலாம். அமெரிக்க விஞ்ஞானி வில்லார்ட் லிபி 1949ஆம் ஆண்டில் இம்முறையை நிறுவிக் காட்டினார். 1960இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ஓரிரு கிராம் எலும்பே இதற்குப் போதும். மேலும், 1950களின் நடுப்பகுதி தொடங்கி வல்லரசுகள் வான்வெளியில் வெடித்த அணுகுண்டுகளால், காற்றிலிருந்த கதிரியக்கக் காபன் 1960களில் ஏறத்தாழ இருமடங்கானது. ஆகவே அதற்குப் பின் வாழ்ந்த மனிதரின் எலும்பில் அதன் சுவடு பதிந்திருக்கும். நானூறு ஆண்டுக்கு முற்பட்ட எலும்பையும் நாற்பது ஆண்டுக்கு முற்பட்ட எலும்பையும் வேறுபடுத்துவது இம்முறைக்குக் கடினமன்று. ஆறு மாதிரிகளும் பழையவை என்று ஆய்வுகூடம் கூறினால், அந்த ஆறும் பழையவை என்று கொள்வதே நேர்மை.

ஆயின் கருவி எவ்வளவு நுண்ணியதாயினும், அது தன்முன் வைக்கப்பட்டதை மாத்திரமே அளக்கும். பெட்டியில் வைக்கப்படாத எலும்பைப்பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆறு மாதிரிகள் முந்நூறு பேருக்காகவும் பேசக்கூடுமா? ஒழுங்காக அடக்கப்பட்டோரும் ஒழுங்கின்றிக் கிடந்தோரும் ஒரே காலத்தவரா? ஆய்வுகூடம் தானாக எழுப்ப முடியாத கேள்விகள் இவை. அனுப்புகின்றவர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியவை. இன்னொன்றும் உண்டு. கடலுணவை மிகுதியாக உண்போரின் எலும்பு, உண்மைக் காலத்தைவிடச் சில நூற்றாண்டு பழையது போல் தோன்றக்கூடும். ஏனெனில் ஆழ்கடல் நீரிலுள்ள காபன் பழையது. ஆய்வுகூடத்தார் இதனை வேறு அளவீடுகளால் உணர்ந்து திருத்த வல்லவர். ஆயினும், இந்த எலும்பு மீனையே பிரதான உணவாகக் கொள்ளும் ஒரு தீவிலிருந்து வருகின்றது என்ற குறிப்பு, எலும்போடு கூடவே பயணம் செய்தல் வேண்டும். எலும்பு மாத்திரம் சென்றாற் போதாது; அதன் ஊரும் கூடச் செல்ல வேண்டும்.

அந்தக் காலவரையறை சுட்டும் நூற்றாண்டுகளும் மன்னாருக்கு அமைதியான நூற்றாண்டுகள் அல்ல. 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசனின் ஆணையால் இத்தீவிற் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியோர் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினர். 1658இல் ஒல்லாந்தர் அதை வென்றனர். சதொச நிலத்திற் கிடந்தோர் இவர்களுள் யார் என்று காபன் அளவை சொல்லவில்லை. ஆனால் அவர்களும் ஒருவர் பெற்ற பிள்ளைகளே. நம் பிள்ளைகள் அல்லர் என்று தெரிந்ததும் அவர்களைப் பெட்டிகளில் மறந்துவிடுதல் மனிதப் பண்பாகாது.

மன்னார் மாவட்டத்தில் இது தனித்த நிகழ்ச்சியுமன்று. 2013ஆம் ஆண்டு டிசம்பரில், மாதோட்டத்தில், திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் நீர்க்குழாய் பதிக்க நிலம் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. 80க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கு எடுக்கப்பட்டு அநுராதபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. மதவாச்சி வழியே செல்லும் அந்த நெடுஞ்சாலை எங்கள் வியாபாரிகளும் நோயாளிகளும் நாள்தோறும் செல்லும் சாலைதான். ஆயினும், தன் மகன் அந்தப் பெட்டிகளுள் ஒன்றில் இருக்கக்கூடும் என்று எண்ணும் தாய்க்கு அந்த நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் கடத்தற்கரிய தூரம். பெட்டி தன் ஊரை விட்டுச் செல்லும் ஒவ்வொரு கிலோமீற்றரும் அவளுடைய நம்பிக்கையில் ஒரு துளியை எடுத்துச் செல்லுகின்றது.

எலும்புகளைக் கொண்டு செல்வதில் எத்தகைய நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன என்பதை அயல்நாட்டு வரலாறு ஒன்று நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது. 1995ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பொஸ்னியா நாட்டின் சிறெபிறெனிச்சா என்னும் ஊரில், 8,000 வரையான முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டுப் பெருங்குழிகளிற் புதைக்கப்பட்டனர். சில மாதங்களின் பின், குற்றத்தை மறைப்பதற்காக, கொலைஞர் அக்குழிகளை இயந்திரங்களாற் கிளறி, உடல்களைப் பார வண்டிகளில் ஏற்றி, வேறு குழிகளுக்கு மாற்றினர். ஒரே மனிதனின் எலும்புகள் வெவ்வேறு ஊர்களின் குழிகளிற் பிரிந்து கிடந்தன. அது மறைப்பதற்காக நிகழ்ந்த பயணம். பின்னர், 1996இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய சர்வதேச ஆணைக்குழுவின் துணையோடு, உறவினரின் இரத்தத்தையும் எலும்பின் மரபணுவையும் ஒப்பிட்டு, சிதறியவற்றை ஒன்றுசேர்த்துப் பெயர் கொடுத்தனர். ஆண்டுதோறும் யூலை 11ஆம் திகதி, பெயர் கண்டவர்களைப் பொத்தொச்சாரி என்னும் இடத்தில் உறவினர் கூடி அடக்கம் செய்கின்றனர். இது வெளிப்படுத்துவதற்காக நிகழும் பயணம். முதற் பயணத்தில் ஒரு கையொப்பமும் இல்லை. இரண்டாம் பயணத்தில் ஒவ்வோர் எலும்புக்கும் ஓர் இலக்கமும் ஒரு கையொப்பமும் உண்டு. வண்டி ஒன்றாகவே இருக்கலாம். பாதையும் ஒன்றாகவே இருக்கலாம். பதிவேடே இரண்டையும் வேறாக்குகின்றது.

ஆர்ஜென்ரீனாவிலும் இவ்வாறே. இராணுவ ஆட்சியிற் காணாமற்போனோரைத் தேடுவதற்காக, 1984ஆம் ஆண்டில் கிளைட் சினோ என்னும் அமெரிக்க அறிஞரின் வழிகாட்டலில் இளம் மாணவர் சிலர் ஒன்றுகூடினர். அக்குழுவினர், அகழ்வுக்கு முன் குடும்பத்தாரிடம் சென்று பேசுவதையும், செய்வது யாதென விளக்குவதையும் தம் தொழிலின் ஒரு பகுதியாகவே கொண்டனர். சந்தேகத்துக்குரிய மரணங்களை விசாரிப்பதற்கு ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மினசோட்டா நெறிமுறை, 1991இல் வெளிவந்து 2016இல் திருத்தப்பட்டது. அதுவும், விசாரணையிற் பங்குகொள்வதற்கும் அதன் போக்கை அறிவதற்கும் குடும்பத்தாருக்கு உரிமையுண்டு என்று வலியுறுத்துகின்றது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை யாவை? நான் சட்ட அறிஞனுமல்லேன், வைத்தியனுமல்லேன். ஒரு பாடசாலை அதிபன் என்ற முறையில், பொதுப்புத்திக்கு எட்டியவற்றை மாத்திரம் கூறுகின்றேன்.

முதலாவது, கைமாற்றப் பதிவேட்டின் பிரதி ஒன்று குடும்பத்தாரின் கைக்கு, அவர்கள் வாசிக்கும் மொழியில், கிடைத்தல் வேண்டும். கடலில் இறந்த ஒருவராயினும், குழியில் எடுத்த முந்நூற்றுவராயினும் விதி ஒன்றே. பெட்டி முத்திரையிடப்படும்போதும், ஆய்வுகூடத்துக்கு ஏற்றப்படும்போதும் குடும்பத்தாரின் பிரதிநிதி ஒருவர் உடனிருந்து கையொப்பமிட்டால், வரும் முடிவைப் பழிக்க எவருக்கும் மனம் வராது. துயரமான முடிவாயினும் அவர்கள் ஏற்பார்கள். துயரத்தைத் தாங்கும் வலிமை எங்கள் தாய்மாருக்கு உண்டு. ஐயத்தைத் தாங்கும் வலிமையே எவருக்கும் இல்லை.

இரண்டாவது, மாவட்டந்தோறும் இறந்தோரை ஏற்றுவதற்குரிய வண்டி ஒன்றேனும், அதற்குப் பயிற்சி பெற்றோர் இருவரேனும் வேண்டும். அதன் செலவு அரசைச் சேர்ந்ததாதல் வேண்டும். விசாரணை நடத்துவது அரசின் கடமையாகும்போது, வாடகை வண்டிக்குக் காசு தேடி விதவை அலைவது பொருந்தாது.

மூன்றாவது, எச்சங்களை இயன்றளவு அவரவர் மாவட்டத்துக்கு அண்மையிலேயே பேணுதல் வேண்டும். ஈரமற்ற அறை, எலும்பை நிழலில் உலர்த்தி வைக்கும் கடதாசிப் பைகள், வலக்கை இடக்கை மாறாது பிரித்திடும் பெட்டிகள், பூட்டு, பதிவேடு ஆகியவை எட்டாத ஆடம்பரப் பொருள்களல்ல. தூரத்துக்கு அனுப்ப வேண்டியது மாதிரியைத்தான், மனிதரையன்று.

நான்காவது, போகும் வழியைப் போலவே திரும்பும் வழியும் வகுக்கப்பட வேண்டும். ஆராய்ச்சி முடிந்த எலும்பு அலுமாரியில் தூசு படிந்து கிடப்பதற்குரியதன்று. உறவினர் கண்டால் உறவினரிடம். எவரும் காணாவிடின், இலக்கம் பொறித்த கல்லின் கீழ், அவ்வூர் மண்ணில். பின்னொரு நாள் ஒரு தாயின் இரத்தம் அந்த இலக்கத்தோடு பொருந்தி வரலாம். அன்றைக்கு அக்கல்லில் பெயர் பொறிக்க இடம் விட்டிருத்தல் வேண்டும்.

ஐந்தாவது கடமை நம்முடையது. கட்டடம் கட்டவும் குழாய் பதிக்கவும் நிலத்தை வெட்டுகின்ற நாம், எலும்பு ஒன்றைக் கண்டால் உடனே மண்வெட்டியைக் கீழே வைத்தல் வேண்டும். மேலும் ஒரு வண்டி மண்ணை ஏற்றுதல் ஆகாது. பொலிசாருக்கு அறிவித்து, அவர்கள் வரும்வரை அவ்விடத்தைக் காத்தல் வேண்டும். கரையில் உடலைக் கண்டாலும் இவ்வாறே. தொடாது காப்பதும் ஒரு மரியாதையே என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டும்.

நேயர்களே, உயிரோடிருந்தபோது ஒருவரை நாம் காக்கத் தவறியிருக்கலாம். அவர் இறந்த பின்னும் அவர் சொல்ல வந்த ஒன்றைக் கேட்பதற்கு நமக்கு இன்னும் ஒரு வாய்ப்பு எஞ்சியிருக்கின்றது. அந்தச் சொல் உடலில் எழுதப்பட்டிருக்கின்றது, எலும்பில் எழுதப்பட்டிருக்கின்றது. அதைச் சுமந்து செல்பவர், ஓர் எழுத்தும் அழியாமற் கொண்டுபோய்ச் சேர்த்தல் வேண்டும். வேலிக்கு வெளியே நிற்கும் அந்தத் தாய்க்கு, ‘உன் மகன் இங்கே இருக்கின்றான்’ என்றோ, ‘இங்கே இல்லை’ என்றோ ஒரு நாள் நாம் சொல்ல நேரும். எதைச் சொன்னாலும், அவள் நம் முகத்தைப் பார்த்து அதை நம்பக்கூடியவாறு நாம் நடந்திருத்தல் வேண்டும்.